கைத்தொலைபேசிக்குள் ஒரு கொழுந்துக் கணக்கு

மாலை நேரத்திலே தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தின் அருகில் நின்று பார்த்திருக்கிறீர்களா, வாசகர்களே? ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியாகவோ, தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாகவோ பஸ்ஸிலே செல்கின்றவர்கள் அந்தக் காட்சியைச் சாளரத்தினூடாகவேனும் கண்டிருப்பார்கள். பெண்கள் வரிசையாக நிற்பார்கள். பகல் முழுவதும் சுமந்த கொழுந்து ஒவ்வொன்றாகத் தராசில் ஏறும். “எத்தனைங்க ஐயா?” என்று ஒரு குரல். “பதினொன்று” என்று கணக்கப்பிள்ளையின் மறுமொழி. ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் சிறிது கழிக்கப்படும். எஞ்சிய எண் பேரேட்டில் ஏறும். அந்தப் பெண்மணி அதே எண்ணைத் தம் மனத்தில் ஏற்றிக்கொண்டு லயத்துக்குத் திரும்புவார்.

காலை, பகல், மாலை என்று நாளொன்றுக்கு மூன்று நிறுவை. மாதத்தில் 25 நாள் வேலை கிடைத்தால் 75 எண்கள். சம்பள நாளிலோ சிட்டையில் இருப்பது ஒரேயொரு கூட்டுத்தொகை. 75 எண்களையும் நினைவில் வைத்திருந்து கூட்டிப் பார்க்கக் கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

இஃது அற்ப விஷயமன்று. 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வெளிவந்தது. 2024 செப்டெம்பரில் அது 1350 ரூபாவாயிற்று. சம்பளம் எவ்வளவாயினும், நாளுக்கு இத்தனை கிலோ என்ற நிர்ணயம் அதனோடு கூடவே வருகிறது. பதினெட்டு, இருபது என்று அது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். நிர்ணயித்த நிறைக்குச் சற்றுக் குறைந்தால் முழுப் பேர் அரைப் பேராகிவிடுகின்ற இடங்களும் உண்டு. ஒரு கிலோவைப் பற்றிய ஐயம் அரைநாட் சம்பளத்தைப் பற்றிய ஐயமாகலாம் என்பதை மடுவத்தில் நிற்கும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நிற்க. இன்று லயத்து வீடுகளிலும் ஒரு கைத்தொலைபேசியேனும் இருக்கிறது. மகளிடமோ மகனிடமோ அது இருக்கும். திரையில் ஒரு கீறலும் இருக்கும். அந்தக் கருவியிலேயே நாளாந்த நிறையைக் குறித்து வைக்கும்படி ஒரு செயலியை உண்டாக்கினால் என்ன என்ற எண்ணம் படித்த பிள்ளைகளுக்குத் தோன்றுவது இயல்பே. ஒரு தோட்டத்து இளைஞர் சங்கத்தார் அவ்வாறு தீர்மானித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். சங்கத்தின் கையிருப்பு சிறிது, ஆசையோ பெரிது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “அதிலே தோட்டத்துச் செய்திகளும் வர வேண்டும்” என்கிறார். இன்னொருவர், “புகைப்படம் போட இடம் வேண்டும்” என்கிறார். மூன்றாமவர் இராசிபலனையும் விடவில்லை. இந்தப் பட்டியலைக் கொண்டுபோய்க் கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்திடம் கொடுத்தால், அவர்கள் எழுதித் தரும் தொகையைக் கண்டு சங்கத் தலைவருக்கு மயக்கம் வருவது நிச்சயம். உடனே என்ன நடக்கும்? எவர் மிகக் குறைந்த கூலிக்குச் செய்து தருவார் என்று தேடுவார்கள். கிடைக்கும் செயலி மூன்று மாதத்தில் முடங்கும். “இதெல்லாம் நமக்குச் சரிப்படாது” என்று பழையபடி மனக்கணக்குக்கே திரும்புவார்கள்.

செயலி இரும்பாலோ மரத்தாலோ ஆனதன்று. அதன் விலையிலே மிகப் பெரும் பகுதி அதனை எழுதுகின்றவர்களின் நாட்சம்பளம்தான். ஆகவே செலவைக் குறைப்பதென்றால் வேலை நாட்களைக் குறைப்பது என்றே பொருள். திறமை குறைந்தவரை அமர்த்தி நாட்கூலியைக் குறைப்பவர் நாட்களைக் குறைப்பதில்லை. எழுதியதைத் திரும்ப எழுதுவதற்கு மற்றொருவரைத் தேடும் நாள் வரும்போது இரண்டு கூலியும் தம் தலையிலேயே விழுவதை அவர் காண்பார். செய்ய வேண்டிய வேலையையே குறைப்பதுதான் தக்க வழி. கூட்டத்தில் கேட்கப்பட்டவற்றில் எதனை விடலாம் என்று முதல் நாளே பேசி முடித்துக்கொள்ள ஒரு சதமும் செலவில்லை. எழுதத் தொடங்கிய பின்னர் மனம் மாறினால், சுவரை எழுப்பிய பிறகு சாளரத்தை இடம் மாற்றுவது போன்ற கதைதான்.

கொழுந்துக் கணக்குக்கு உண்மையில் வேண்டியது என்ன? திகதி, மூன்று நிறைகள், கழிக்கப்பட்ட அளவு, மாதக் கூட்டுத்தொகை. சம்பளச் சிட்டையோடு ஒப்பிட அவ்வளவே போதும். செய்தி வேண்டாம், அரட்டை வேண்டாம், இராசிபலனுக்குப் பஞ்சாங்கம் இருக்கிறது. என் கைத்தொலைபேசியிலுள்ள செயலிகளில் பாதியின் உள்ளறைகளை நான் எட்டிப் பார்த்ததே இல்லை என்பதை இவ்விடத்திலே ஒப்புக்கொள்கிறேன். அவற்றை எழுதவும் எவரோ கூலி வாங்கியிருப்பார்.

தராசு முள்ளையே படம் பிடித்து வைக்கலாமே, அது மறுக்க முடியாத சாட்சியல்லவா என்று சிலர் வாதிப்பார்கள். வாதம் நல்லதே. ஆயினும் முதற் பதிப்பில் அதனை விட்டுவிடுவதே மேல் என்பது என் அபிப்பிராயம். மாதம் 75 படங்கள் பழைய கருவியின் நினைவகத்தை அடைத்துவிடும். அன்றியும், வரிசையில் பின்னால் நிற்பவர்கள் படம் எடுத்து முடியும்வரை மழையில் காத்திருக்க மாட்டார்கள்.

சிறிதாகத் தொடங்குவது நம் மலைநாட்டுக்குப் புதிதன்று. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது, ஆலையைக் கட்டி வைத்துக்கொண்டு தொடங்கவில்லை. தாம் வசித்த பங்களாவின் விறாந்தையிலேயே மேசைமீது கொழுந்தைப் பரப்பிக் கையால் உருட்டச் செய்தார். களிமண் அடுப்பிலே கரிநெருப்பில் உலர்த்தினார். இயந்திரங்களோடு கூடிய ஆலை 1872இல்தான் எழுந்தது. அதற்கடுத்த ஆண்டு லண்டனுக்குச் சென்ற தேயிலைப் பொதியின் நிறை 23 இறாத்தல். விறாந்தையில் அவர் விட்டுவைத்தது கட்டடத்தையும் இயந்திரத்தையுமே. கொழுந்தின் பக்குவத்தில் அவர் கைவைக்கவில்லை.

வேலையைக் குறைக்க மற்றொரு வழியும் உண்டு. பிறர் முன்னமே செய்து வைத்ததை எடுத்து அதன்மேல் கட்டுவது. இவ்விடத்தில் நம் நாடே உலகத்துக்கு இருமுறை வழிகாட்டியிருக்கிறது என்பதைப் பலர் அறியார்.

முதலாவது, 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபோது. இலங்கையில் மாத்திரம் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காணாமற்போனோர் யார், முகாமில் இருப்போர் யார், எந்த முகாமுக்கு என்ன பொருள் சென்றது என்ற கணக்குகள் மலைபோற் குவிந்தன. கொழும்பிலுள்ள கணினித் துறையினர் பலர் தொண்டர்களாகச் சேர்ந்து, அந்தக் கணக்கை வைத்துக்கொள்ளும் மென்பொருளைச் சில வாரங்களில் உருவாக்கினர். ‘நிவாரணம்’ எனப் பொருள்படும் சிங்களச் சொல்லான ‘சஹன’ என்பதே அதன் பெயர். முழுவதையும் புதிதாக எழுதுவதற்கு அவர்களுக்கு அவகாசமுமில்லை, பணமுமில்லை. எவரும் விலையின்றி எடுத்தாளவும் திருத்தவும் உரிமையளிக்கும் திறந்த மென்பொருள்களையே அடித்தளமாகக் கொண்டார்கள். தாம் எழுதியதையும் அவ்வாறே உலகத்துக்குத் திறந்துவிட்டார்கள். 2005இல் பாகிஸ்தானிலே பூமி அதிர்ந்தபோது சஹன அங்கே சென்றது. 2010இல் ஹெயிட்டி நாட்டுக்கும் சென்றது. சமூக நலனுக்கான திட்டமொன்றுக்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்கே கிடைத்தது. அவசரத்திலும் சிக்கனத்திலும் பிறந்த பொருள் தரத்திலே தாழ்ந்திருக்குமாயின் இத்தனை தேசங்கள் அதனை நாடியிருக்குமா?

இரண்டாவது, 2020 ஜனவரியில். சீன தேசத்திலே பரவிய கொரோனா நோய் இலங்கையில் முதன்முதலாக அந்த மாதம் 27ஆம் திகதி கண்டறியப்பட்டது. விமான நிலையத்தில் வந்திறங்குவோரைப் பதிந்து, பின்னர் அவர்தம் நலத்தைத் தொடர்ந்து விசாரிக்க ஓர் ஏற்பாடு உடனே தேவைப்பட்டது. நம் சுகாதார அமைச்சோடு சேர்ந்து பணிபுரிந்த மருத்துவர்களும் கணினி வல்லுநர்களும் புதிய கட்டடம் எதையும் எழுப்பவில்லை. நோர்வே நாட்டு ஒஸ்லோ பல்கலைக்கழகம் முன்னின்று வளர்த்துவரும் டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் இலவசச் சுகாதாரக் கணக்கு மென்பொருள் ஏற்கெனவே பல நாடுகளில் பயின்று வந்தது. அதற்குள்ளேயே படிவங்களை மாற்றியமைத்து, சில நாட்களுக்குள் வேலையை முடித்தார்கள். அந்த அமைப்பைப் பிற தேசத்தார் வாங்கிக்கொண்டார்கள்; முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் டி.எச்.ஐ.எஸ். 2 கொண்டே தம் கொரோனாக் கணக்கை வைத்தன. செல்வ நாடுகள் சில பெரும் பணத்தைச் செலவிட்டுப் புதிதாக எழுதுவித்த செயலிகள் பயனின்றிப் போனதும் அதே காலத்தில்தான்.

இனி ஹற்றனுக்கே திரும்புவோம். நம் இளைஞர் சங்கத்துக்கும் இத்தகைய அடித்தளங்கள் காத்திருக்கின்றன. இணையத் தொடர்பு இல்லாத பள்ளத்தாக்கில் எண்களைக் கருவிக்குள்ளேயே சேமித்து வைப்பதற்கு எஸ்கியூலைட் என்றொரு தரவுக் களஞ்சியம் உண்டு. 2000ஆம் ஆண்டில் பிறந்த அதனை ஆக்கியோர் பொதுச்சொத்தாகவே விட்டுவிட்டார்கள். ஆண்ட்ராய்ட் கருவிகள் யாவற்றிலும் அது முன்னமே குடியிருக்கிறது. திரைகளை அமைக்க கூகுளின் ஃபிளட்டர் போன்ற இலவசக் கருவிகள் உள்ளன. ஒருமுறை எழுதினால் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடும். தோட்டத்திலே பெரும்பாலும் ஆண்ட்ராய்டே காணப்படுவதால் ஐபோனை இப்போதைக்கு மறந்துவிடலாம். ஆண்டுதோறும் அதன் நிறுவனத்துக்குச் செலுத்த வேண்டிய 99 டொலர் மிஞ்சும். கூகுள் கடையில் ஒரேமுறை 25 டொலர்தான்.

எழுதத் தொடங்குமுன் பரீட்சித்துப் பார்க்க விரும்புவோருக்கு ஓ.டி.கே. என்னும் இலவசக் கருவி இருக்கிறது. அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கியது அது. இணையம் இல்லாத இடத்திலும் படிவத்தை நிரப்பி வைத்து, தொடர்பு கிடைத்ததும் அனுப்பும். தமிழிலேயே கேள்விகளை எழுதலாம். நிரலெழுதுபவர் எவருமின்றி, ஒரு மாதம் இப்படிவத்திலே கொழுந்துக் கணக்கை வைத்துப் பார்த்தால், எந்தக் கேள்வியைப் பெண்கள் நிரப்பாமல் தாண்டிச் செல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அதற்கும் முன்னதாக ஓர் அப்பியாசக் கொப்பியின் தாளிலே திரையை வரைந்து, “அம்மா, இதிலே எதைத் தொடுவீங்க?” என்று கேட்டுப் பார்க்கலாம். தாளைக் கிழித்துவிட்டு மறுபடி வரைய யாரும் கூலி கேட்பதில்லை.

தமிழ் எழுத்தைப் பொறுத்தமட்டில் நாம் பாக்கியசாலிகள். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் கைத்தொலைபேசியில் தமிழை எழுதச் ‘செல்லினம்’ என்னும் செயலியை ஆக்கினார். 2005 பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் அது வெளியாயிற்று. அந்நாளில் ஒவ்வொரு கருவியிலும் தமிழைக் காட்டுவதே பெரும்பாடு. இன்றோ யூனிகோட் முறையில் தமிழ் எல்லாக் கருவிகளிலும் தெரிகிறது; அழகிய எழுத்துருக்களும் விலையின்றிக் கிடைக்கின்றன. எழுத்துக்கென்று சங்கம் செலவழிக்க வேண்டியது ஒன்றுமில்லை.

ஆனால் ஓரிடத்தில் தமிழுக்கு வரி உண்டு. மாத முடிவில் கூட்டுத்தொகையைக் குறுஞ்செய்தியாக அனுப்பலாம் என்று சங்கத்தார் நினைக்கலாம். ஆங்கில எழுத்தாயின் ஒரு குறுஞ்செய்தியில் 160 குறிகள் அடங்கும். தமிழாயின் 70 மட்டுமே. அதிலும் ‘கொழுந்து’ என்பது நமக்கு நான்கெழுத்து. கருவிக்கோ எட்டுக் குறி. இரண்டு வரி எழுதுவதற்குள் ஒரு செய்தி இரண்டாகிவிடும், கட்டணமும் இரட்டிப்பாகும். தொகை கருவித் திரையிலேயே தெரியுமாயின் குறுஞ்செய்தியே வேண்டாம்.

இனி, எங்கே சிக்கனம் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தேயிலையின் தரம் செடியருகிலேயே தீர்மானமாகிறது என்று தோட்டத்தார் அறிவர். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பறிக்காமல் முற்றிய இலையைக் கூடையில் இட்டால், ஆலையின் எந்த இயந்திரமும் அதை நல்ல தேயிலையாக்காது. செயலிக்கும் அந்தச் செடியருகு ஒன்று உண்டு. பயன்படுத்தப் போகின்றவரின் கையில் கொடுத்துப் பார்ப்பதே அது. பணம் போதவில்லையென்றால் முதலில் வெட்டப்படுவதும் துரதிர்ஷ்டவசமாக அதுவேதான்.

நனைந்த விரலைத் திரை அறிவதில்லை. மழைத்துளியை விரலென்று எண்ணித் தானே ஓர் எண்ணைப் பதிந்தும்விடும். தேயிலைச் சாயமேறிக் காய்த்துப்போன விரல்நுனிக்குச் சிறு பொத்தான் எட்டாது. ஆகவே எண்கள் பெரிதாக இருக்க வேண்டும், பதியுமுன் “பதினொன்று, சரியா?” என்று கேட்க வேண்டும். ‘சமர்ப்பிக்கவும்’ என்று அகராதித் தமிழில் எழுதுவதைவிடப் ‘பதி’ என்ற ஒரு சொல் போதும். தாயும் மகளும் ஒரே கருவியை வைத்திருந்தால் இருவர் கணக்கும் கலவாதிருக்க வேண்டும். இவற்றுள் எதுவும் கொழும்பில் உட்கார்ந்து எழுதுபவருக்குத் தானாகத் தோன்றாது. ஒருநாள் அவரை ரயிலேற்றி ஹற்றனுக்கு அழைத்து வந்து மடுவத்தில் நிறுத்தினால் உடனே தோன்றும். அந்த ரயில் கட்டணத்தைக் கணக்கிலே முதல் வரியில் எழுத வேண்டும்.

கூகுள் நிறுவனம் இதிலே அறிந்தோ அறியாமலோ நமக்கு உதவி செய்திருக்கிறது. 2023 நவம்பருக்குப் பின்னர் தனிநபர் பெயரில் கணக்குத் திறப்பவர், செயலியைப் பொதுவில் வெளியிடுமுன் குறிப்பிட்ட எண்ணிக்கையினரைக் கொண்டு தொடர்ந்து 14 நாள் பரீட்சிக்க வேண்டும் என்று விதித்தது. முதலில் 20 பேர் என்றிருந்த அந்த எண்ணிக்கை 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைந்தது. பலர் இதனைத் தொல்லையென்று முணுமுணுத்து, நண்பர்களின் பெயரை இட்டு நிரப்புகிறார்கள். நம் சங்கத்தாரோ அந்தப் பன்னிரண்டு பேரையும் கொழுந்து பறிக்கும் பெண்களாகவே தெரிந்தெடுக்கலாம்.

வேறொரு செலவும் உண்டு. அதைப் பற்றி விலைகூறுவோர் வாய்திறப்பதில்லை. ஆண்ட்ராய்ட் ஆண்டுதோறும் புதுப்பிறவி எடுக்கிறது. அதற்கேற்பத் திருத்தப்படாத செயலிகளைக் கூகுள் கடை புதிய கருவிகளுக்குக் காட்டாமல் நிறுத்திவிடும். எனவே வருடத்துக்குச் சில நாள் வேலை எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். எழுதிய நிரலும், கடைக் கணக்கின் கடவுச்சொல்லும் சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று முதலாவது ரூபாவைக் கொடுக்குமுன் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால், எழுதிய இளைஞர் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன அன்றே செயலியும் அவரோடு விமானம் ஏறிவிடும்.

அந்தரங்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பெண் எத்தனை கிலோ பறித்தார், எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை என்பவை அவருடைய சொந்த விவரங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய விவரங்களைத் திரட்டுவோருக்குப் பொறுப்பு விதிக்கிறது. எண்கள் அவர் கருவியை விட்டு வெளியேறாமல் இருக்குமானால் அந்தப் பாரத்தின் பெரும்பகுதி சங்கத்தின் தோளில் ஏறாது. தூரத்துக் கணினிக்கு மாத வாடகையும் இல்லை. மலிவும் நன்மையும் ஒரே பக்கத்தில் நிற்பது எப்போதாவது வாய்க்கிறது. கருவி தொலைந்தால் கணக்கும் தொலையுமே என்று கேட்பீர்கள். உண்மைதான். வாரம் ஒருமுறை கூட்டுத்தொகையைக் கொப்பியிலும் எழுதி வைக்கச் சொல்வதைத் தவிர வேறு மலிவான மருந்து எனக்குத் தெரியவில்லை.

இச்செயலி தோட்டத்துப் பேரேட்டுக்கு மாற்றாகாது. மடுவத்தில் தவறாகக் காதில் விழுந்த எண் செயலியிலும் தவறாகவே இருக்கும். ஆயினும் சிட்டையில் ஐயம் எழும்போது, “என் கணக்கில் பன்னிரண்டாம் திகதி பகல் நிறை பதினொன்று, உங்கள் கணக்கில் எத்தனை?” என்று திகதியோடு கேட்பதற்கும், “எனக்குக் குறைந்துவிட்டது போலிருக்கிறது” என்று தயங்கி நிற்பதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? கணக்கப்பிள்ளைக்கும் முன்னதற்கு மறுமொழி சொல்வதே எளிது.

பரீட்சைக்கான மாதத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. நுவரெலியாப் பக்கத்திலே ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிந்து, காற்று உலர்ந்திருக்கும். அப்போது எந்தச் செயலியும் நன்றாகவே ஓடும். தென்மேற்குப் பருவமழை இறங்கிய ஜூன் மாதத்து மாலையொன்றில், கொழுந்துச் சாக்கு முதுகிலிருக்க, ஒரு கையால் கருவியை மழையிலிருந்து மறைத்துக்கொண்டு மறு கையால் அந்த எண்ணைப் பதிய முடிகிறதா என்று பார்த்த பிறகே எழுதியவருக்குக் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.